அம்மம்மாவின் பெட்டிக்குள் ஆலிஸ்: காட்ஸ் பற்றிய வாசகர் கேள்விகள்

வீட்டில் கிடக்கும் பழைய விளையாட்டுச் சாமான்களைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள் என்று சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் காட்ஸ் பற்றியவைதான் கூட, அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: அம்மாவின் அலுமாரியை ஒதுக்கும்போது அடி லாச்சியில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி கிடைத்தது. உள்ளே நிறப்படம் போட்ட காட்ஸ். ஒரு சிறுமி, மணிக்கூடு வைத்திருக்கும் முயல், கோபக்கார ராணி எல்லாம் இருக்கிறார்கள். பெட்டியில் ஆலிஸ் என்ற பெயரும் டி லா ரூ என்ற பெயரும் தெரிகின்றன. அம்மம்மா மிஷன் பாடசாலையில் படிப்பித்தவர், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார ரீச்சர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாக அம்மா சொல்வார். எண்ணினால் 45 இருக்கிறது. இது என்ன, எவ்வளவு பழசு? — வாசகி, வெள்ளவத்தை

எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினீர்கள் பாருங்கள், அதுவே பெரிய உதவி. இது ‘அற்புத உலகில் ஆலிஸ்’ என்ற ஆங்கிலச் சிறுவர் கதையை வைத்து டி லா ரூ கம்பனி அச்சிட்ட விளையாட்டுக் காட்ஸ், முழுக் கட்டு 48. ஆகவே மூன்று காட் இல்லை, அதோடு விதிப் புத்தகமும் போய்விட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கட்டோடு ஒரு சின்ன விதிப் புத்தகம் வந்திருக்கும். லாச்சியில் விரித்திருக்கும் பழைய பேப்பருக்குக் கீழே இன்னொரு தடவை பாருங்கள், மெல்லிய கொப்பி மாதிரிச் சாமான்கள் அங்கேதான் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

ஆலிஸ் கதை பிறந்தது 1862 ஜூலை 4ஆம் தேதி. ஒக்ஸ்போர்டில் கணிதம் படிப்பித்த ஒருவர், மூன்று சிறுமிகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனபோது வாய்க்கு வந்தபடி சொன்ன கதை அது. அவருடைய புனைபெயர்தான் லூயிஸ் கரோல். புத்தகமாக வந்தது 1865இல். படம் வரைந்தவர் ஜோன் டெனியல், 42 படங்கள், எல்லாம் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். உங்கள் கட்டில் அதே படங்கள் நிறத்தில் இருக்கின்றன என்றால் இடையில் இன்னொரு கை வேலை செய்திருக்கிறது. அந்தக் கை கெர்ட்ரூட் தொம்சன் என்ற பெண் ஓவியருடையது. அவர் கரோலின் நெருங்கிய நண்பர், சின்னப் பிள்ளைகளுக்கென்று கரோல் திருத்தி எழுதி 1890இல் வந்த ஆலிஸ் பதிப்பின் அட்டையை வரைந்தவரும் அவர்தான். டெனியலின் படங்களை எடுத்து காட்ஸுக்கு ஏற்றபடி மாற்றி வரைந்திருக்கிறார். கரோல் 1898 ஜனவரியில் காலமானார், இந்தக் கட்டு வந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். ஆக, உங்கள் லாச்சியில் இருந்தது நூற்றிருபது வருடத்துக்கு மேற்பட்ட சாமான், பிறகு வந்த மறுபதிப்பாக இல்லாவிட்டால்.

மறுபதிப்பா என்று எப்படித் தெரியும்? ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி எடுத்து ஆலிஸின் கன்னத்தை, அல்லது ராணியின் உடுப்பை நன்றாகக் கிட்டப் பாருங்கள். இப்போதைய அச்சு என்றால் நிறமெல்லாம் ஒரே அளவான புள்ளிகளாக, வரிசை பிசகாமல் சின்னச் சின்னப் பூப்போலச் சேர்ந்து நிற்கும். பழைய கல்லச்சு, அதாவது கல்லில் படம் வரைந்து அச்சிடுகிற முறை, அப்படி இருக்காது. புள்ளிகள் கண்டபடி, பெரிதும் சிறிதுமாகக் கிடக்கும், ஒரு நிறம் இன்னொன்றின் மேல் முழுசாகப் படிந்திருக்கும், சில இடத்தில் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே போயிருக்கும். பழைய சாமான் விற்கிற எவரும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டி லா ரூ என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில் கொழும்புக்காரருக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. தோமஸ் டி லா ரூ கேர்ன்சி தீவில் பிறந்து லண்டனில் அச்சுத் தொழில் செய்தவர். 1831இல் காட்ஸ் அச்சிடும் முறைக்கு அரச காப்புரிமை எடுத்தார். அவருடைய கம்பனி பிறகு தபால் முத்திரை அடித்தது, 1860இல் மொரீசியசுக்குக் காசுத்தாள் அடித்தது. பிரித்தானியர் காலத்து இலங்கை முத்திரைகளில் பலவும் அவர்களுடையவை. இன்றைக்கு எங்கள் ரூபாய்த் தாள்கள் அச்சாகும் பியகம அச்சகமும் அதே டி லா ரூவின் பெயரில்தான் இருக்கிறது. காட்ஸ் தொழிலை அந்தக் கம்பனி 1960களின் கடைசியில் கைவிட்டுவிட்டது. அம்மம்மாவிடம் வந்த விளையாட்டுக் கட்டும், நீங்கள் மீன்காரருக்குக் கொடுக்கிற நோட்டும் ஒரே பெயருக்குக் கீழே அச்சானவை என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

இனிப் பாதுகாப்பு. வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இருக்கிறீர்கள் என்றால் உப்புக்காற்றும் ஈரமும் கடதாசிக்கு முதல் எதிரி. றப்பர் பாண்ட் போட வேண்டாம், அது உருகி ஒட்டி விளிம்பைத் தின்னும். செலோடேப் வேண்டவே வேண்டாம். லமினேட் பண்ணித் தருகிறேன் என்று யாரும் சொன்னால் காட்ஸைக் கையில் கொடுக்காமல் திரும்பி வாருங்கள், ஒருமுறை லமினேட் பண்ணினால் பிறகு அதைப் பழையபடி ஆக்க வழியில்லை. பூஞ்சணம் பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காமல், காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள், வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள், நிறம் வெளிறும். அலுமாரியின் மேல் தட்டில், வெளிச்சுவரோடு ஒட்டாத பக்கமாக, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்தால் போதும். இராமபாணப் பூச்சி வருகிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இவ்வளவு சொன்னபிறகும் என் ஆசை வேறு. அதைப் பூட்டி வைத்துவிடாதீர்கள். எல்லாக் காட்டையும் ஒழுங்காக ஸ்கேன் பண்ணி, தடித்த மட்டையில் கலர் பிரின்ட் எடுத்து, பிள்ளைகளுக்கு அந்தப் பிரதியைக் கொடுங்கள். இல்லாத மூன்றுக்கும் டெனியலின் படங்களையே எடுக்கலாம். அவர் இறந்தது 1914இல், பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. கதையையும் கூடவே வாசித்துக் காட்டுங்கள். வெள்ளை ரோசாச் செடியைத் தவறாக நட்டுவிட்டு ராணி வருவதற்குள் சிவப்புப் பூசப் பதறுகிற அந்த மூன்று தோட்டக்காரரும் இஸ்பேட் இரண்டு, ஐந்து, ஏழு என்று தெரிந்த பிள்ளைக்கு அதன் பிறகு சாதாரணக் காட்ஸ் கட்டுக்கூட வேறு மாதிரித்தான் தெரியும்.

கேள்வி: நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது ஒரு காட்ஸ் விளையாட்டு. பேக்கரிக்காரர், அவர் மனைவி, மகன், மகள் என்று படம். ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு வாங்குவோம். அதன் பெயர் என்ன? விதி எப்படி? இப்போது அண்ணா கனடாவில், அக்கா லண்டனில், நான் இங்கே. ஃபோனில் கதைக்கும்போதெல்லாம் இதில் சண்டை. — வாசகர், கொட்டாஞ்சேனை

அது ஹப்பி ஃபமிலீஸ். லண்டனில் ஜேக்ஸ் கம்பனி 1851இல், அந்த வருடத்துப் பெரிய கண்காட்சியை ஒட்டி வெளியிட்ட விளையாட்டு. அதன் முதல் படங்களை வரைந்ததும் ஆலிஸுக்குப் படம் வரைந்த அதே டெனியல்தான் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தலை பெரிசாக உடம்பு சின்னதாக இருக்கும் அந்த ஆட்களைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

விதி எளிது. காட்ஸ் எல்லாவற்றையும் பகிர்ந்துவிட வேண்டும். உங்கள் முறை வரும்போது யாராவது ஒருவரைப் பெயர் சொல்லி, குறித்த ஒரு காட்டைக் கேட்கலாம், ஆனால் அந்தக் குடும்பத்தின் ஒரு ஆளாவது உங்கள் கையில் இருக்க வேண்டும். அவரிடம் இருந்தால் தந்துவிட வேண்டும், நீங்கள் தொடர்ந்து கேட்கலாம். இல்லையென்றால் 'வீட்டில் இல்லை' என்று சொல்வார், முறை அவருக்குப் போய்விடும். நாலு பேரும் சேர்ந்த குடும்பத்தைக் கீழே வைக்க வேண்டும், கூடக் குடும்பம் சேர்த்தவர் வெற்றி. இதில் கெட்டித்தனம் முழுக்க ஞாபகத்தில்தான். யார் யாரிடம் எதைக் கேட்டார், எது கைமாறியது என்று கவனிக்கிற பிள்ளை வெல்லும்.

உங்கள் மூவருக்கும் சண்டை எதில் என்று எழுதவில்லை. காட் வாங்கினதும் நன்றி சொல்ல மறந்தால் முறை போகுமா போகாதா என்பதிலாக இருக்கலாம், பல வீடுகளில் அதுதான் சண்டை. என்னைக் கேட்டால் மூவரும் சொல்வது சரியாக இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு விதி இருந்தது, அண்ணா பெரிய பெடியங்களோடு விளையாடினது வேறு, நீங்கள் அக்காவோடு விளையாடினது வேறு. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று பேரும் தனித்தனியாக, மற்றவரைக் கேட்காமல், தனக்குத் தெரிந்த விதியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள், அதை ஒன்றாக்கி அந்தப் பெட்டியிலேயே வையுங்கள். நான் எல்லா வாசகரிடமும் கேட்பது இதைத்தான், திரும்பத் திரும்பக் கேட்பேன். மட்டை நூறு வருடம் கிடக்கும், படம் கிடக்கும், விதி மட்டும் வாயில்தான் இருக்கிறது. விளையாடத் தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால் மிச்சம் இருப்பது வெறும் படமட்டை. எங்கள் வீடுகளில் இடம்பெயர்வில் தொலைந்தது போக மிஞ்சின கட்டுகள் பலவற்றுக்கு அந்த நிலைமை ஏற்கெனவே வந்துவிட்டது.

கேள்வி: பிள்ளைகளுக்குப் படம் போட்ட காட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். மாமி, 'காட்ஸ் புழங்கிற வீடு உருப்படாது' என்று எடுத்து ஒளித்துவிட்டார். என்ன சொல்வது? — வாசகர், தெஹிவளை

மாமியோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பயப்படுவது காசு வைத்து விளையாடுவதற்கு, அதில் அழிந்த குடும்பங்களைக் கண்ணால் கண்டிருப்பார். அந்தப் பயத்தை மதித்துக்கொண்டே, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரையும் பக்கத்தில் இருத்தி ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள், படக் காட்ஸில் சூது எங்கே இருக்கிறது என்று அவருக்கே விளங்கும்.

அப்புறம், உங்கள் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் 304 பழக்குங்கள். செத்த வீட்டிலும் திருவிழாவிலும் ஆண்கள் விளையாடுகிற விளையாட்டு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம், ஆனால் அதில் உள்ள கணக்கு அருமையானது. 32 காட்தான். ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் இஸ்பேட் போல ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. பெயரே அதுதான். இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்டு, துரும்பு கவிழ்த்து, எதிரி கையில் என்ன மிச்சம் என்று மனதில் கழித்துக்கொண்டு விளையாடுகிற பிள்ளைக்கு மனக்கணக்கு தானாக வரும்.

கேள்வி: ஆலிஸ் மாதிரியே பழைய சிறுவர் காட்ஸ் ஒன்று என்னிடம் உண்டு. பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, 'பெட்டி இல்லை, ஒன்றுக்கும் உதவாது' என்று சொல்லி ஒரு சின்னத் தொகைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? — வாசகி, பம்பலப்பிட்டி

ஒன்றுக்கும் உதவாத சாமானை ஏன் கேட்கிறார்? அவசரப்படாதீர்கள். பெட்டியும் விதித்தாளும் முழு எண்ணிக்கையும் இருந்தால் விலை கூடும், ஒன்று குறைந்தாலும் விழும் என்பது உண்மைதான், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது அவர் இல்லை. ஒவ்வொரு காட்டையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, அதே கட்டு வெளிநாட்டு ஏலங்களில் உண்மையாக விற்ற விலையைத் தேடிப் பாருங்கள். கேட்கிற விலையைப் பார்க்க வேண்டாம், விற்ற விலை.

கேள்வி: ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளரும் உள்ள காட்ஸ். பெப்பிஸ் என்று பெட்டியில் இருக்கிறது. தேதி இல்லை. எந்தக் காலத்தது? — வாசகர், மட்டக்குளி

பெப்பிஸ் என்பது லண்டன் காசல் பிரதர்ஸ் கம்பனி தன் காட்ஸுக்கு வைத்த பெயர். டிஸ்னியின் படம் வந்தது 1937 டிசம்பரில், ஆகவே அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. பெட்டியிலோ காட்டின் ஓரத்திலோ பொடி எழுத்தில் அனுமதி பற்றி ஒரு வரி இருக்கும், அதைத்தான் வாசிக்க வேண்டும். 'வால்ட் டிஸ்னி மிக்கி மவுஸ் லிமிடெட்' என்றால் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பிரித்தானிய அனுமதி, நல்ல பழசு. 'வால்ட் டிஸ்னி புரொடக்‌ஷன்ஸ்' என்றால் அதற்குப் பிந்தியது என்று எடுக்கலாம், 1986க்கு முந்தியது, ஏனென்றால் அந்த வருடம் கம்பனி பெயரை மாற்றிவிட்டது. விலை ஷிலிங்கில் அச்சிட்டிருந்தால் 1971க்கு முந்தியது என்று இன்னும் நெருங்கலாம்.

கேள்வி: நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வெள்ளைக்காரருக்கு ஆலிஸ் இருக்கிறது, எங்கள் கதைகளை வைத்து இப்படிக் காட்ஸ் செய்த வழக்கம் இருந்ததா? வகுப்பில் ஒன்று செய்யலாமா? — வாசகி, மருதானை

இருந்தது, அதுவும் ஆலிஸுக்கு எவ்வளவோ முந்தி. இந்தியாவில் கஞ்சிஃபா என்று வட்டமான காட்ஸ், கையால் வர்ணம் தீட்டினது. பாரசீகத்தில் இருந்து முகலாயரோடு வந்து, பிறகு எங்கள் புராணங்களை உள்வாங்கிக்கொண்டது. தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்கு 12 என்று 120 காட். பகலில் விளையாடினால் இராமர் ராசாக் காட் வைத்திருப்பவர் தொடங்குவார், இரவென்றால் கிருஷ்ணர். ஒடிசாவில் இராமாயணத்துக்கே தனிக் கட்டு உண்டு, ஒரு பக்கம் இராமனின் ஆட்கள், மறுபக்கம் இராவணனின் ஆட்கள். ரகுராஜ்பூர் கிராமத்தில் இன்றைக்கும் வரைகிறார்கள்.

வகுப்புக்கு என்றால் நான் பரமார்த்த குருவைத்தான் எடுப்பேன். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்தக் கதை சிறுவர் காட்ஸுக்கென்றே பிறந்தது போல இருக்கும். குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடரும். சம்பவங்கள் ஒவ்வொன்றும் ஒரு படம்: ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறது, பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிறது, மாட்டு நிழலில் இருந்ததற்கு வாடகை கொடுக்கிறது, குளத்தில் தெரிந்த குதிரை நிழலுக்குத் தூண்டில் போடுகிறது, நொண்டிக் குதிரையில் ஊர்வலம், குரு குழிக்குள் விழுந்து கிடக்க 'எடுக்க வேண்டிய சாமான்' பட்டியலில் குருவின் பெயர் இல்லையே என்று சீடர்கள் நிற்கிறது. ஆறு சம்பவம், சம்பவத்துக்கு நாலு காட், மொத்தம் 24. இருபத்தைந்தாவதாக ஒரு தனிக் காட். ஆற்றைக் கடந்தபிறகு ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறார்களே, அந்த எண்ணாமல் விட்ட ஆள்தான் அந்தக் காட்.

எல்லாவற்றையும் பகிர்ந்துவிட்டு, ஒரே சம்பவத்தின் இரண்டு காட் சேர்ந்தால் கீழே வைக்கச் சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரின் கையில் இருந்து பார்க்காமல் ஒன்று இழுக்க வேண்டும். சோடி சோடியாகப் போய், கடைசியில் எண்ணாமல் விட்ட ஆள் யார் கையில் மிஞ்சுகிறானோ அவர் தோல்வி. ஆனால் சோடியைக் கீழே வைக்கிற பிள்ளை அந்தச் சம்பவத்தை ஒரு வசனத்திலாவது சொல்ல வேண்டும் என்று ஒரு விதி சேர்த்துவிடுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் சோடியைத் திரும்பக் கையில் எடுக்கட்டும், அடுத்த முறை கதையைக் கவனமாகக் கேட்கும்.

படத்தைப் பிள்ளைகளே வரையட்டும், ஒரே பக்கம் மட்டும். மட்டை புறக்கோட்டை மலிபன் வீதிக் கடதாசிக் கடைகளில் எடுக்கலாம், 300 ஜீஎஸ்எம் கேளுங்கள், அதைவிட மெல்லியது என்றால் பின்பக்கத்தால் படம் தெரியும், களவும் தொடங்கிவிடும். மூலையை வட்டமாக வெட்டிவிட்டால் கனகாலம் கிழியாது. விதியை இருபத்தாறாவது மட்டையில் எழுதி, உங்கள் வகுப்பின் பெயரையும் வருடத்தையும் போட்டு, கட்டோடு சேர்த்தே வையுங்கள். செய்து முடித்தால் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறோம்.